உங்கள் பேர் எங்கும் வராது

1

போன வாரம் குடிநுழைவு அலுவலகத்தில் "ராமசாமி!" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராமசாமி என் அப்பா. குளித்தலையில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர், கப்பலையோ விமானத்தையோ கிட்டத்தில் பார்க்காதவர். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டதால், இந்த நாட்டு வரிசைகளில் எல்லாம் அவர்தான் எனக்கு முன்னால் நிற்கிறார். கூப்பிடுகிறவர்கள் மேல் தப்பில்லை. தாளில் இருப்பதைத்தானே படிப்பார்கள்.

இந்த மாதத்தோடு நான் மலேசியா வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கவுண்டரில், முக்காடு போட்ட அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்து "இஸ்திரி?" என்று கேட்டார். நான் குனிந்து சேலையைப் பார்த்தேன். மடிப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. "போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன். பின்னால் நின்ற என் கணவர் சேகர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விண்ணப்பத் தாள்கள் கீழே சிதறின. மலாய் மொழியில் இஸ்திரி என்றால் மனைவி. அந்த அம்மாள் என் சேலையைப் பற்றி விசாரிக்கவில்லை, நான் யார் என்று விசாரித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் இந்தக் கதையைச் சேகர் சொல்லாமல் விடுவதில்லை. முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கி ஒரு சான்று வாங்கிக் கொடுத்தார் அப்பா. புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க அது வேண்டும் என்று தாலுகா ஆபீசில் நாலு நடை நடந்து வாங்கினார். இங்கே வந்து பார்த்தால் ரேஷன் கார்டே கிடையாது. அங்கே நீக்கியாகிவிட்டது, இங்கே சேர்க்க இடமில்லை. பெயர் நீக்கல் சான்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால், எனக்கு எந்தத் தாளையும் தூக்கிப் போடப் பயம். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். என் சந்தேகப் புத்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதைப் படிக்க உதவும்.

2

நாங்கள் இருப்பது மந்தின் என்ற சிற்றூரில். சேகர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எந்தப் பிள்ளை எங்கே ஏறும், யாருக்கு இன்றைக்குக் காய்ச்சல், எந்த அம்மா போனில் கத்துவாள், எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. வேனின் பக்கவாட்டில் "சேகர் அண்ட் சன்ஸ்" என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு ஒரே பெண், யாழினி. மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையில் என் மாமனார் எழுதி வைத்தது, பெயின்ட் நல்ல பெயின்ட், இன்னும் அழியவில்லை.

யாழினி நீலாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமை ரயிலேறி வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், நடுவில் இரண்டு மலாய்ச் சொல் விழும். போன வருடம் அவளுடைய விரிவுரையாளர் மூலமாக ஒரு வேலை வந்தது. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு மகளிர் மேம்பாட்டு அமைப்பு, இங்குள்ள செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பெண்களின் நிலையை ஆராயப் போகிறதாம். தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும். நான் ஊரில் பி.ஏ. தமிழ் படித்தவள் என்று யாழினி சொல்லியிருக்கிறாள். என் படிப்பு அவளுக்கு நினைவிருந்ததே எனக்கு ஆச்சரியம்.

எண்ணெய் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பெண்களை நன்றாக நடத்துகிறோம் என்று ஒரு தாள் வேண்டும். தோட்டத்துக்கு எண்ணெய் விற்க அந்தத் தாளைக் காட்ட வேண்டும். நடுவில் அமைப்புக்கு ஒரு அறிக்கை வேண்டும். எல்லாருக்கும் ஒரு தாள் வேண்டியிருக்கிற இடத்தில் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்பார்களா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

சேகருக்கு வேறு கவலை. அவர்கள் தேர்ந்தெடுத்த தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வது எங்கள் வேன்தான். அந்த ஒப்பந்தம் தோட்ட ஆபீஸ் கையில்.

"நீ மொழிபெயர்க்கப் போற. ஞாயம் பேசப் போகல. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க லா" என்றார். அந்த லா இந்த ஊர்ப் பேச்சின் வால், பொருள் கிடையாது.

3

தோட்டத்தில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேச ஆட்கள்தான். லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், ஒரு கோடியில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் மிச்சம். நாங்கள் போனபோது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, "பெண்கள் குழு அறை" என்று பலகை மாட்டியிருந்தார்கள். கதவைத் தொட்டேன், விரலில் பச்சை ஒட்டியது. உள்ளே சுவரில் குழு உறுப்பினர்களின் படம். கீழே பட்டியல். முதல் மூன்று பேருக்கு நேரே பெயர் இருந்தது, அவர்கள் ஆபீஸ் பெண்கள். மற்றவர்களுக்கு நேரே "இஸ்திரி" என்று போட்டுக் கணவனின் பெயர் எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே சொல்.

அமைப்பிலிருந்து வந்தவர் ஹெலன். நல்ல பெண், வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். அவர் கொடுத்த ஆங்கிலக் கேள்விகளை நான் ஒரு வாரம் உட்கார்ந்து தமிழாக்கியிருந்தேன். முதல் வரியிலேயே கவிழ்ந்தேன். "நீங்கள் அனைவரும் இத்திட்டத்தின் பங்குதாரர்கள்" என்று படித்ததும் ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"பங்கா? எங்களுக்கு எவ்வளவு பங்கு டீச்சர்?"

தாளைப் பார்த்துப் படிக்கிறவள் அவர்களுக்கு டீச்சர்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து அந்த வரியை அடித்தேன். அடுத்த கேள்விகளுக்கு எல்லாரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது. "ஒன்னும் பிரச்சனை இல்ல டீச்சர்." வாசலில் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், போனைப் பார்ப்பது போல நின்றிருந்தார். ஒரு பெண் பதில் சொல்வதற்கு முன் அவர் பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். சொல்லிக் கொடுத்த பாடம் என்று எனக்குத் தோன்றியது. ஹெலன் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருவர் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் பேசாமல் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பெயர் லெட்சுமி. தனியாகப் பேசும் நேரம் வந்தபோது ஹெலன் சொல்லச் சொன்னதை நான் முறையாகச் சொன்னேன்.

"பயப்படாம பேசுங்க அக்கா. உங்கள் பேர் எங்கும் வராது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் வெள்ளை பூத்திருந்தது.

"இத்தன வருசமா அதானே டீச்சர் நடக்குது" என்றார்.

4

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் "பேர் போடுவது" என்றால் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை நிறுத்தி எண்ணும் இடத்தில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றைய ஆள் கணக்கில் சேர்ப்பது. பேர் விழுந்தால்தான் நீங்கள் அன்று வேலை செய்தவர். சேமநிதியும் காயத்துக்கான காப்புறுதியும் எல்லாம் அந்தப் பேருக்குத்தான். லெட்சுமி அக்காவின் கணவர் மணியம் குலை வெட்டுகிறவர். வெட்டிய குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது அக்கா. பத்தொன்பது வருடமாகப் பொறுக்குகிறார். பேர் விழுவது மணியத்துக்கு மட்டும்.

"அவரு பேர்ல ரெண்டு பேரு வேல செய்யிறோம் டீச்சர். குலை விழுறப்போ முள்ளு தெறிச்சு கண்ணுல ஏறிருச்சு. மண்டோர் வந்து, வேலக்காட்டுல பட்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லாத, செக்ரோல்ல உன் பேர் இல்ல, சுசா ஆயிரும்னாரு. கருவேப்பில பறிக்கிறப்போ பட்டுச்சுன்னு சொன்னோம்." மண்டோர் என்றால் கங்காணி, சுசா என்றால் தொல்லை.

உண்மையைச் சொல்கிறேன், நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கதை, இங்கே ஒரு கதை. வெள்ளைக்காரி வந்திருக்கிறாள் என்றதும் எதையாவது கறந்துகொள்ளப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அதே கேள்வியை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில்தான். எந்த நம்பர் காடு, எத்தனையாவது நிரை, அன்றைக்கு எத்தனை சாக்கு கட்டியிருந்தது, எல்லாம் மாறாமல் வந்தது. அவர் நகக்கண்களில் செம்பனைக் கறை ஏறி, அது இனிமேல் எதற்கும் போகாது என்று தெரிந்தது. நான் விசாரித்த விதம் எனக்கே கூச்சமாகப் போயிற்று. அப்படியும் மதியம் மணியத்தைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன்.

"அவ சும்மா கூட வர்றா டீச்சர். வீட்டுல இருந்தா போரடிக்கும்ல" என்றார். கிராணி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அந்தச் "சும்மா" எனக்குப் பழக்கமான வார்த்தை. கணக்கெடுக்க வந்த பஞ்சாயத்து ஆளிடம் எங்கள் அப்பாவும் அதைத்தான் சொன்னார். அம்மா அப்போது பின்கட்டில் இலைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விடியுமுன் வாழைக்கொல்லைக்குப் போய் ஈரத்தில் நின்று அறுத்த இலை. "அது சும்மாத்தான் இருக்கு" என்றார் அப்பா. அந்த ஆள் அப்படியே எழுதிக்கொண்டு போனார். குளித்தலை வேறு, புக்கிட் பெலண்டோக் வேறு என்று இனி யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

5

ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பேச்சு முடியும்போது லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், என் பேர் வரணும். பேர் வரலன்னா நான் எதுக்கு இதச் சொல்லணும்? அச்சடிச்ச புத்தகத்துல, லெட்சுமிங்கற பொம்பள இந்தத் தோட்டத்துல வேல செஞ்சான்னு இருந்தா, அதக் காட்டிக் கேக்கலாம்ல. அவங்ககிட்ட சொல்லுங்க."

ஹெலன் என்னைப் பார்த்தார். வாசலில் கிராணி போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். எனக்கு வேன் ஞாபகம் வந்தது. சேகர் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்கப்படும், இந்த நாட்டில் தங்குவதற்கான என் பாஸ் ஞாபகம் வந்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: அவருக்குத் தன் பெயரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.

பொய் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. கவலைதான். ஹெலன் நெஞ்சில் கை வைத்து, கண்கலங்க, சத்தியம் செய்வது போல ஏதோ சொன்னார். உங்கள் பெயரை உயிர் போனாலும் வெளியே விட மாட்டோம் என்பது அதன் சாரம். லெட்சுமி அக்கா அந்தக் கையையும் கண்ணையும் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"போடறேன்னுட்டாங்களா டீச்சர்?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துக்காக எனக்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. திட்டத்தைச் சந்தேகப்பட்டேன், கிராணியைச் சந்தேகப்பட்டேன், கண் போன ஒரு பெண்ணை மூன்று முறை குறுக்கு விசாரணை செய்தேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

6

குடிநுழைவு அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் அறிக்கை வந்தது. பருவ விடுமுறைக்கு வீட்டில் இருந்த யாழினி போனில் திறந்து காட்டினாள். அழகான அட்டை, அழகான படங்கள். ஒரு பக்கத்தில் சாக்கைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும். கீழே: "மீனா (பெயர் மாற்றப்பட்டுள்ளது). தன் பெயர் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தையும் மீறி இவர் துணிந்து பேசினார்." அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று அப்போது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசிப் பக்க நன்றியுரையில் "உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்" என்று இருந்தது. என் பெயரும் இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. எந்த முகத்தோடு கோபப்படுவது?

"அம்மா, அது எஸ்ஓபி லா. அவங்க சேஃப்டிக்குத்தான் பேர மாத்துவாங்க" என்றாள் யாழினி.

"அவங்களே பேரு வேணும்னு கேட்டா?"

யாழினி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "கேட்டாங்களா? நீ சொன்னியா அவங்ககிட்ட?"

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் ஆங்கிலம் கலக்காமல் பேசியது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

மறுநாள் காலையே லெட்சுமி அக்கா போன் செய்தார். "புத்தகம் வந்துருச்சாமே டீச்சர்? என் பேரு வந்துருக்கா?" சிரம்பானில் வேலைக் காயங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாராம். வேலையில் இருந்ததற்கு ஏதாவது எழுத்து இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். செக்ரோலில் இல்லை, ஆஸ்பத்திரித் தாளில் கருவேப்பிலை. இன்னொரு கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, வெளியில் நல்ல வைத்தியம் பார்க்க இந்த மனு ஒன்றுதான் வழி. அவர் நம்பியிருந்தது இந்தப் புத்தகத்தை.

"வரல அக்கா" என்றேன். பிறகு, நான் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நீங்க ஊர்லேருந்து வந்தவங்க, படிச்சவங்கன்னு நம்புனேன் டீச்சர்" என்றார் கடைசியில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

7

கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அந்தப் பக்கத்தில் மீனா என்று இருப்பவர் இவர்தான், அவர் சொன்னதை மொழிபெயர்த்தவள் நான், அவர் வேலைக்காட்டில் பழம் பொறுக்கும்போது காயம் பட்டதாக என் காதால் கேட்டேன், பெயரைப் போடச் சொல்லி அவரே கேட்டார், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று. தமிழில் நான் சொல்லச் சொல்ல யாழினி மலாயில் தட்டினாள். அவள் மலாய் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஷூரா மா? அப்பாவோட வேன்?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினேன். சேகர் சத்தம் போட்டார். பிறகு வெளியே போய் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த வேனை. உள்ளே வந்து, "தோட்டத்து வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடுவேன், உள்ள வரமாட்டேன்" என்றார். இன்றைக்கும் அவர் மனசு எந்தப் பக்கம் என்று எனக்கு முழுசாகத் தெரியாது.

லயத்து வாசலில் லெட்சுமி அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார். "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார், பழைய சிரிப்பு இல்லாமல். கடிதத்தை வாங்கி நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். மலாய் அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"என் பேருக்கு நடுவுல ஒரு டி வரும். லெட்-சுமி. அடையாளக் கார்டுல அப்படித்தான் இருக்கு. இது வேற யாரோ."

யாழினி விட்ட எழுத்து அது. பேனாவால் நுழைத்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். விரல் மறுபடி நகர்ந்தது. காடு நம்பர், நிரை, கண், மீனா, எல்லாவற்றையும் கடந்து கீழே வந்தது. அங்கே கையெழுத்துக்காகக் கோடு போட்டு, அதன் அடியில் "மொழிபெயர்ப்பாளர்" என்று மலாயில் தட்டியிருந்தது. நான்தான் யாழினியிடம் அவ்வளவு போதும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

லெட்சுமி அக்கா அந்த இடத்தை விரலால் இரண்டு முறை தட்டினார்.

"இங்க உங்க பேரு வரலியே டீச்சர்."

பேனாவை எடுத்து, அப்பாவின் பெயரையும் சேகரின் பெயரையும் விட்டுவிட்டு, மங்கையர்க்கரசி என்று கோட்டின் மேல் முழுதாக எழுதினேன். அவர் தாளைத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.